கூடை இல்லாம வந்தவ

போன தடவ ஊருக்கு வந்தப்பவும் கேட்டீங்க, ஏன் அந்த ரூமக் காலி பண்ணேன்னு. காத்து வரும், கடல் பக்கத்துலயே இருக்கு, வீட்டுக்காரங்க நல்ல மாதிரின்னு நாந்தான் உங்ககிட்ட பெருமையா சொல்லியிருந்தேன். அப்பா கூட ஒரு வாட்டி வந்து பாத்துட்டு, பக்கிரி அண்ணன் கையால ஒரு வஞ்சிரம் வாங்கிட்டுப் போனாரு. அதனாலயே எனக்கு வாய் வரல. இப்ப சொல்றேன். நடுவுல யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, கேட்டா நான் நிறுத்திடுவேன்.

முத்தியால்பேட்டைலேந்து கிழக்கால நடந்தா, தறிச் சத்தம் கொறஞ்சு கொறஞ்சு அலைச் சத்தம் வரும். அங்கதான் அந்தக் குப்பம். பக்கிரி அண்ணன் வீட்டுக்குப் பின்னாடி சாய்ப்பு எறக்கி ஒரு ரூம் போட்டிருந்தாங்க, அதுலதான் நான். நடுவுல சுவர் இல்ல, கீத்துத் தட்டிதான். அவங்க குழம்பு கொதிக்கிறது எனக்குக் கேக்கும், நான் பொரண்டு படுக்குறது அவங்களுக்குக் கேக்கும். காலைல தட்டாஞ்சாவடிக்கு பஸ் புடிப்பேன். பிளாஸ்டிக் டப்பா கம்பெனி. மெஷின்லேந்து சூடா வுழுற மூடியில நீட்டிக்கினு இருக்குறத பிளேடால செதுக்கணும். சாயங்காலம் வர்றப்ப வெரல் நுனியெல்லாம் எரியும்.

வீட்டுல ரெண்டு பேருதான். பக்கிரி அண்ணனும் அவரு பொண்டாட்டி வேம்பக்காவும். கல்யாணமாயி ஏழு வருசம், புள்ள இல்ல. அண்ணன் கெட்ட மனுசன் இல்ல. அடிக்க மாட்டாரு, திட்ட மாட்டாரு. பேசவும் மாட்டாரு. "வலைகிட்டயாவது முணுமுணுன்னு எதனா சொல்லுவாரு, என்கிட்ட அதுவும் இல்ல"ன்னு வேம்பக்கா சொல்லும்.

கட்டுமரத்துல தனியாப் போவ முடியாது, ரெண்டு ஆளு வேணும். அண்ணனோட தம்பி ஆட்டோ ஓட்டப் போயிட்டதால, கடலூர்ப் பக்கத்துலேந்து சின்னக்கண்ணுன்னு ஒருத்தன் கூட்டாளியா வந்து சேந்தான். கரையில வலைக் கொட்டாயிலயே படுத்துப்பான், சாப்பாடு இங்க. வாய் ஓயாத ஆளு. என்னப் பாத்தா, "என்னா கமலா, இன்னிக்கு எத்தினி மூடிக்கு செரச்ச?"ன்னு கேப்பான். எனக்கே சிரிப்பு வந்துடும். 

விடியறதுக்கு முன்னாடி மரத்தக் கட்டித் தள்ளிக்கினு போவாங்க. வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பிடுவாங்க. அதுக்குள்ள பொம்பளைங்க எல்லாம் ஆளுக்கொரு கூடையும் சும்மாடுமா கரையில வந்து உக்காந்துடுவாங்க. மரம் மணல்ல ஏறுன ஒடனே மீன அள்ளிப் போட்டுக்கினு பெரிய மார்க்கெட்டுக்கு ஓட்டம். மத்தியானம் வேம்பக்கா திரும்பி வர்றப்ப கழுத்து, முதுகு, காதோரம் எல்லாம் செதிலா ஒட்டிக்கினு இருக்கும், வெயில்ல மினுக்கும்.

ஒரு நாள் கம்பெனில கரண்டு போயி, எங்கள சீக்கிரமே அனுப்பிட்டாங்க. நான் கொல்லப் பக்கமா வந்தேன். உள்ள வேம்பக்கா சிரிக்குது. அது சிரிச்சு நான் கேட்டதே இல்ல. அப்படி ஒரு சிரிப்பு, வயித்துலேந்து வருது. தட்டி சந்துல பாத்துட்டேன். தண்ணித் தொட்டிகிட்ட அது திரும்பி உக்காந்திருக்கு, முடியத் தூக்கிப் புடிச்சிக்கினு. பின்னாடி சின்னக்கண்ணு. சொம்புத் தண்ணிய முதுகுல ஊத்தி, ஒட்டியிருந்த செதில ஒண்ணொண்ணா நகத்தால எடுத்துக்கினு இருந்தான். ஒவ்வொண்ணு எடுக்கறப்பவும் அதுக்கு முதுகு சிலுத்துது. அவசரமே இல்ல அவனுக்கு. அப்புறம் அவன் வாய அங்க வெச்சான், நான் ரூமுக்குள்ள போயி தலையணைல மூஞ்சிய அமுக்கிக்கினேன்.

சாயங்காலம் வேம்பக்கா எனக்கு ஒரு கிண்ணத்துல நெத்திலிக் குழம்பு கொண்டாந்துச்சு.

"பாத்தியா?"

"இல்லக்கா."

"பாத்த. மூஞ்சியே சொல்லுது." பக்கத்துல உக்காந்துச்சு. "ஏழு வருசத்துல அந்த மனுசன் என் முதுகு எப்படி இருக்கும்னு பாத்ததில்ல கமலா. இவன் வந்து எண்ணி சொல்றான், மூணு மச்சம் இருக்குதுன்னு."

"அண்ணனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. அவருக்குக் கடல்தான் தெரியும்."

அன்னிலேந்து எனக்கு சோறு எறங்கல. என் விசயமே இல்ல, ஆனா தட்டிக்கு அந்தப் பக்கம் யாரு இருமுனாலும் எனக்குத் திக்குங்கும்.

கார்த்திகை கடைசி, ஒரு ஞாயித்துக் கெழம. மழை விட்டிருந்துச்சு, ஆனா வாடைக் காத்து அடங்கல, அலை மண்ணு நெறத்துல பொரண்டுக்கினு வந்துச்சு. எனக்கு லீவு. கொஞ்சம் காரப்பொடி மீனு வாங்கலாம்னு கரைக்குப் போனேன். பொம்பளைங்க வரிசையா உக்காந்து கதை பேசிக்கினு இருந்தாங்க. பச்சையம்மா அத்தை நடுவுல. அது அண்ணனுக்கு அப்பா வழியில அத்தை, மார்க்கெட்டுல மொத எடம் அதுக்குத்தான். அந்த வாய்க்கு போலீசுக்காரனே ஒதுங்கிப் போவான்.

வேம்பக்கா கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு இருந்துச்சு. தல சீவி, நல்ல பொடவ. கைய ரெண்டும் கட்டிக்கினு.

"என்னாடி, கல்யாணத்துக்கா கெளம்பிட்ட?"ன்னு பச்சையம்மா அத்தை கேட்டுச்சு. "கூட எங்க?"

வேம்பக்கா தன் கையப் பாத்துச்சு. அப்பதான் அதுக்கே தெரியுது. "மறந்துட்டேன் அத்த."

"மறந்துட்டியா! மீன்காரி கூடைய மறப்பாளா? சோறு துன்ன மறப்பியா? அப்ப மீன மடியிலயா கட்டிக்கினு போவ?"

எல்லாரும் சிரிச்சாங்க. வேம்பக்காவும் சிரிச்சுச்சு, ஆனா ஒதடு மட்டும்தான். போயி எடுத்துக்கினு வந்திருக்கலாம். வீடு கூப்புடு தூரந்தான். போவல. அங்கயே நின்னுக்கினு கடலையே பாத்துச்சு.

மரம் தெரிஞ்சுது. ஒத்த ஆளு.

பொம்பளைங்க பேச்சு அப்படியே நின்னுடுச்சு. எந்த மரம்னு பாயப் பாத்தே சொல்லிட்டாங்க. "பக்கிரி மரம்டி... ஒருத்தன் இல்லடி..." வேம்பக்கா அப்படியே மணல்ல உக்காந்துச்சு. அழுவத் தயாரா வாயத் தொறந்து வெச்சிருந்துச்சு, நான் பக்கத்துல இருந்து பாத்தேன். மரம் கிட்ட வந்துச்சு. துடுப்பு போடுற தோளு அகலமா தெரிஞ்சுது. பக்கிரி அண்ணன்.

அந்த வாய் தொறந்தபடியே இருந்துச்சு. சத்தம் வரல.

ஆம்பளைங்க தண்ணியில எறங்கி ஓடுனாங்க. "சின்னக்கண்ணு எங்கடா?" "அலை அடிச்சுட்டுப் போயிடுச்சு"ன்னு அண்ணன் சொன்னாரு. அவரு தோள்ல தோலு கிழிஞ்சு ரத்தம் காஞ்சிருந்துச்சு. பொம்பளைங்க மாருல அடிச்சிக்கினு அழுவ ஆரம்பிச்சாங்க. அவரு யாரையும் பாக்கல, நேரா வேம்பக்காகிட்ட வந்து நின்னாரு. வலையில கொஞ்சம் மீனு கெடந்துச்சு, துடிச்சுக்கினு.

"கூட எங்க வேம்பு?"

எப்பவும் கேக்குற மாதிரிதான் கேட்டாரு. வேம்பக்கா அண்ணாந்து அவரு மூஞ்சியப் பாத்துச்சு. அவரு அதோட கையப் பாத்தாரு. ரெண்டு பேருக்கும் எல்லாம் தெரிஞ்சு போச்சு. எனக்குத்தான் அன்னிக்கு ஒண்ணும் புரியல.

கூட்டாளிய கடல்ல உட்டுட்டு வந்தவன், பொணம் கரை ஒதுங்கற வரைக்கும் கடல்ல எறங்கக் கூடாது. அது அந்தக் குப்பத்துக் கட்டுப்பாடு. அண்ணன் வீட்டுலயே இருந்தாரு. வலையப் பிரிச்சுப் போட்டு ஓட்டை தெச்சிக்கினு இருப்பாரு. எதுவும் கேக்கல, சண்டை போடல. ஒண்ணே ஒண்ணு மாறிடுச்சு. சோறு போட்டா சாப்பிட மாட்டாரு. "நீ துன்னு"ம்பாரு. வேம்பக்கா அதே சட்டிலேந்து எடுத்து மூணு வாய் சாப்பிடணும். அது முழுங்குறதப் பாத்துட்டுத்தான் அவரு கைய வெப்பாரு. தட்டிக்கு இந்தப் பக்கம் உக்காந்து நான் அந்த மூணு வாயக் கேட்டுக்கினு இருப்பேன்.

அப்புறம், பேச ஆரம்பிச்சாரு. ஏழு வருசம் பேசாதவரு. "பூ வாங்கியாந்தேன், வெச்சிக்க." "கால் வலிக்குதா, உக்காரு." அந்தக் கொரலக் கேட்டாலே வேம்பக்கா டம்ளர கீழ வெச்சுடும்.

போலீசுலேந்து தெய்வசிகாமணின்னு ஒரு ஏட்டு வந்து, சிவப்புத் தொப்பியக் கழட்டி மடியில வெச்சிக்கினு, டீ குடிச்சு, நாலு வார்த்த கேட்டுட்டுப் போயிட்டாரு. குப்பத்துப் பஞ்சாயத்துதான் பெருசா கூடுச்சு, அம்மன் கோயிலுக்கு முன்னாடி. நாட்டாரு ஆதிமூலம் நடுவுல உக்காந்து கேட்டாரு. அண்ணன் சொன்னதையே சொன்னாரு: பெரிய அலை, மரம் பொரண்டுச்சு, நான் புடிச்சுக்கினேன், அவனுக்குக் கை எட்டல.

ஓரமா நின்ன பொம்பளைங்க கூட்டத்துலேந்து பச்சையம்மா அத்தை கத்துச்சு. "நாட்டாரே, எனக்கு ஒண்ணு கேக்கணும். இந்த வேம்பு அன்னிக்குக் கூட இல்லாம வந்தா. மீனு வராதுன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

கூட்டமே திரும்பிப் பாத்துச்சு. வேம்பக்கா என் கையப் புடிச்சுச்சு, நகம் உள்ள எறங்கிடுச்சு.

அண்ணன்தான் பதில் சொன்னாரு. "நாந்தான் வேணாம்னேன் அத்த. அதுக்கு ரெண்டு நாளா இடுப்பு வலி. மீன கரையிலயே ஏலத்துல உட்டுடலாம், கூட எடுத்துக்கினு வராதன்னேன்."

"அப்ப நீயே ஏன்டா கூட எங்கன்னு கேட்ட?"

"கூட்டாளிய சாவக் குடுத்துட்டு வர்றவனுக்கு என்னா பேசுறோம்னு தெரியுமா?"

எல்லாரும் உச்சு கொட்டுனாங்க. ஆதிமூலம் அதோட விட்டாரு. பச்சையம்மா அத்தை மட்டும் வேம்பக்காவ மேலயும் கீழயும் பாத்துட்டு, துப்பிட்டுப் போச்சு. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. வேம்பக்காவுக்கு அப்படி இல்ல. "அவரு ஏன் என்னக் காப்பாத்துனாரு கமலா? காட்டிக் குடுத்திருந்தா கூட அடிச்சுத் தொரத்தியிருப்பாங்க, பொழச்சிருப்பேன். ஏன் காப்பாத்துனாரு?"ன்னு கேட்டுக்கினே வந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு வடக்கால பொணம் ஒதுங்குச்சு. ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்தாங்க. ஒடம்புல அடி இல்ல, வெட்டு இல்ல. தண்ணி குடிச்சு செத்ததுதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கடலூர்லேந்து சின்னக்கண்ணோட அண்ணன் வந்து எடுத்துக்கினு போனான். வேம்பக்கா அடுப்பு முன்னாடியே உக்காந்திருந்துச்சு. அழுதா தெரிஞ்சுடும்னு பச்ச வெறகா வெச்சு ஊதுச்சு, கண்ணுல தண்ணி வர்றதுக்கு.

மறுநாள் நான் வேலைக்குப் போவல, காய்ச்சல் மாதிரி இருந்துச்சு. மத்தியானம் அண்ணன் வெளிய போனதும் வேம்பக்கா ஓடியாந்து என் ரூம்ல உக்காந்துச்சு. வெயில்ல வந்தும் ஒடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு.

"சொல்லிட்டாரு"ன்னுச்சு.

"என்னாத்தக்கா?"

"எல்லாத்தையும். எனக்குத் தல சீவி உட்டுக்கினே சொன்னாரு கமலா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு. "நானும் சின்னக்கண்ணும் பேசி வெச்சுதான் செஞ்சோம். வலை இழுக்கறப்ப இவரத் தள்ளி வுட்டுடுறேன்னான் அவன். அலைன்னு சொல்லிக்கலாம், ஒரு வருசம் போனதும் மெட்ராஸ் போயிடலாம்னான். நானும் சரின்னேன். நானே சொன்னேன், வாடை அடிக்கிறப்பவே செஞ்சுடுன்னு."

நான் எழுந்து கதவச் சாத்துனேன்.

"தள்ளியிருக்கான். இவரு காலு வலைக்கயித்துல மாட்டி, அவனையும் சேத்து இழுத்துடுச்சு. இவரு மொதல்ல மரத்துல ஏறிட்டாரு. அவன் நீந்திக்கினு வந்திருக்கான். கிட்ட வந்ததும் இவரு துடுப்பத் தண்ணியில ஒரு போடு போட்டு நகந்துடுவாராம். மறுபடி வருவானாம். மறுபடி ஒரு போடு. 'நான் அவன் மேல ஒரு கை வெக்கல வேம்பு, சும்மா நகந்துக்கினே இருந்தேன். ரொம்ப நேரம் நீந்துனான். நல்ல நீச்சக்காரன். உன் பேர சொல்லிக் கெஞ்சுனான்'னு சொல்லிக்கினே எனக்குப் பின்னல் போட்டு முடிச்சாரு. முடிச்சுட்டு சொல்றாரு, 'கடலு தெளிஞ்சுடுச்சு. கூட்டாளி வேற இல்ல. நாளைக்கு உன்னயே கூட்டிக்கினு போறேன். நீ கடலுக்கு உள்ள வந்ததே இல்லல்ல.'"

அந்தக் குப்பத்துல பொம்பளைங்க மரத்துல ஏறுனதே கெடையாது. ஏன்டா கூட்டிக்கினு போறன்னு கேட்டா, ஆசப்பட்டான்னு சொல்லிடுவாரு. அலைன்னு சொல்லிடுவாரு. நம்பிடுவாங்க.

"ஊருக்கு ஓடிடுக்கா. எங்க ஊருக்கு வா."

"எங்க போனாலும் புருசன் வந்து கூப்பிட்டா அனுப்பிடுவாங்க. உங்க அம்மா அனுப்ப மாட்டாங்களா?" அதுவே எழுந்து நின்னுச்சு. "ஜெயிலுக்குப் போறேன்"ன்னுச்சு. "அங்க வந்து கூப்பிட முடியாதுல்ல."

டவுன்ல ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். தெய்வசிகாமணி ஏட்டு வெத்தல போட்டுக்கினு உக்காந்திருந்தாரு. வேம்பக்கா நின்னபடியே மொத்தத்தையும் சொல்லுச்சு. வெக்கப்படல, எதையும் மறைக்கல. முதுகு, மச்சம் எல்லாம் சொல்லுச்சு. பக்கத்துல இருந்த போலீசு ரெண்டு பேரு ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சாங்க.

"இரு இரு"ன்னாரு ஏட்டு. "நீ யாரக் கொன்ன?"

"என் புருசன."

"பக்கிரியவா? காலைல கூட டீக்கடைல பாத்தேனே. என்ன வேற குடிக்கச் சொல்லி காசு குடுத்தான்."

"கொல்லப் பாத்தோம் சார்."

"கொல்லப் பாத்தவன் செத்துட்டான். சாவ வேண்டியவன் பொழச்சிருக்கான். நான் யார் மேல கேஸ் எழுதறது? அலை மேலயா?"

"அவரு என்ன நாளைக்குக் கொன்னுடுவாரு சார். என்னப் புடிச்சு உள்ள போடுங்க."

"அடிச்சானா? காயம் இருக்குதா? காட்டு."

"தல சீவி உட்டாரு."

ஸ்டேஷனே சிரிச்சுது. நான் வாயத் தொறந்தேன், "அக்கா சொல்றது நெஜம் சார்"ன்னேன். "நீ யாரு, வாடகைக்கு இருக்குற பொண்ணா? போயி ஒன் பொழப்பப் பாரு. புருசன் பொண்டாட்டி நடுவுல எதுக்கு?" வேம்பக்காவப் பாத்து கொரல எறக்கி, பாவப்பட்டு சொன்னாரு: "பக்கத்துல இருந்த ஆளு செத்தா பொம்பளைங்களுக்கு இப்படித்தாம்மா ஆவும். கோயில்ல மந்திரிச்சு கயிறு கட்டிக்க." ஒரு போலீச சைக்கிள்ல அனுப்பி அண்ணன வரச் சொல்லிட்டாரு.

அவரு வந்தாரு. வெள்ளச் சட்ட போட்டு, தல வாரி, கை கட்டிக்கினு நின்னாரு. "மன்னிச்சுக்குங்க ஐயா, நாலு நாளா தூங்கல அது."

"பாத்துக்கப்பா. திட்டாத."

"நான் எதுக்குங்க திட்டப் போறேன்."

வெளிய வந்து சைக்கிள் பின்னாடி கேரியரத் தட்டிக் காமிச்சாரு. "ஏறு." வேம்பக்கா என்னப் பாத்துச்சு. ஏறுச்சு. பின்னாடி போலீசுக்காரங்க வாசல்ல நின்னு பாக்குறாங்க. அண்ணன் என்னப் பாத்து சிரிச்சாரு. "நீ மெதுவா வா கமலா. நாங்க முன்னாடி போறோம்."

மெதுவா வரச் சொன்னாரு. நான் ஓடுனேன். நேரு வீதி பூரா ஓடுனேன். ரிக்ஷா, கை வண்டி, பூக்கூட, எல்லாத்தையும் இடிச்சிக்கினு. செருப்பு அறுந்துது, அத அங்கயே உட்டுட்டேன். வேம்பக்கா கேரியர்ல ஒக்காந்து, அவரத் தொடாம சீட்டுக் கம்பியப் புடிச்சிக்கினு, என்னையே பாத்துக்கினு போவுது. பெரிய மார்க்கெட்டுகிட்ட கூட்டம், சைக்கிள் கொஞ்சம் தடுமாறுச்சு. "அக்கா, குதி!"ன்னு கத்துனேன்.

குதிச்சுடுச்சு. முட்டி தேஞ்சு, எழுந்து, மீன் கடைப் பக்கம் உள்ள ஓடுச்சு. பொம்பளைங்க வரிசையா உக்காந்து சாயங்கால வேவாரம் பாத்துக்கினு இருக்காங்க. நடுவுல பச்சையம்மா அத்தை, ஒரு சங்கராவோட செவுள விரிச்சு யாருக்கோ காட்டிக்கினு. அந்தத் தண்ணியும் செதிலுமா கெடந்த தரையில வேம்பக்கா நின்னு கத்துச்சு.

"அத்த! நீ கேட்டல்ல கூட எங்கன்னு? நான் தெரிஞ்சேதான் வந்தேன். சின்னக்கண்ணுகூட படுத்தவ நான். இவரக் கொல்லுன்னு சொல்லி அனுப்புனவ நான். அவன இவரு கடல்ல நீந்த உட்டே கொன்னுட்டாரு. நாளைக்கு என்ன மரத்துல ஏத்திக்கினு போறாராம். நாளைக்கு நான் வரலன்னா அது அலை இல்ல. எல்லாரும் கேட்டுக்குங்க, அது அலை இல்ல!"

மார்க்கெட்டே அடங்கிடுச்சு. தராசு தட்டு ஆடுறது மட்டும் தெரிஞ்சுது. அண்ணன் சைக்கிள உருட்டிக்கினு உள்ள வந்து நின்னாரு. "அத்த, அதுக்கு மனசு சரியில்ல. ஏட்டுகூட சொன்னாரு. வா வேம்பு, போலாம்."

பச்சையம்மா அத்தை எழுந்துச்சு. நேரா வந்து வேம்பக்காவ ஒரு அறை உட்டுச்சு. எங்க எல்லாருக்கும் காது கொய்யுன்னுச்சு. "தேவடியா. என் அண்ணன் மவன கொல்லப் பாத்தியா? குப்பத்து மானத்த மார்க்கெட்டுல கொண்டாந்து கூறு போடுறியா? உன்ன செருப்பால அடிச்சு, மொட்ட போட்டு, கரும்புள்ளி குத்தணும்டி நாயே." இன்னும் நெறைய சொல்லுச்சு, உங்ககிட்ட சொல்ல முடியாது. வேம்பக்கா கன்னத்தக் கூட தொடல, கேட்டுக்கினே நின்னுச்சு.

அண்ணன் கைய நீட்டுனாரு. "சரி, வா."

அத்தை திரும்பி அவரப் பாத்துச்சு. கையிலேந்து தோளு வரைக்கும் பாத்துச்சு, சட்டக் காலர் விலகி, தோலு கிழிஞ்சு இப்பதான் பொருக்கு தட்டியிருந்த எடத்த. ரொம்ப நேரம் பாத்துச்சு.

"ரொம்ப நேரம் நீந்துனானாடா?"ன்னு கேட்டுச்சு.

அண்ணன் நீட்டுன கைய மடக்கிக்கினாரு.

அத்தை தன் எடத்துல போயி உக்காந்துச்சு. பக்கத்துல இருந்த பொம்பளைய இடுப்பால ஒரு இடி இடிச்சு நகத்துச்சு. தானும் நகந்துச்சு. நடுவுல ஒரு ஆளு உக்கார்ற எடம்.

"நீ வீட்டுக்குப் போ பக்கிரி. இவள நாங்க பாத்துக்குறோம்." வேம்பக்காவப் பாத்து, "என்னாடி நிக்கிற, எருமாடு மாதிரி? வந்து உக்காரு."